கழற்றி வைத்த கைக்கடிகாரம்

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

மானம் போன செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். போனில் சொல்ல முடியாது; உன் அம்மா கேட்கிற காதை இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

நேற்று மத்தியானம் பஸ் டிப்போ ஓய்வறையில் நீ எழுதுகிற சீரியல் ஓடியது. அந்தப் பாவி பெண்டாட்டியின் முடியைக் கொத்தாகப் பிடித்து, தலையைக் கதவு நிலையில் மோதினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. எனக்கு என்ன ஆனதோ, "டேய், விடுடா அவளை!" என்று எழுந்து சாப்பாட்டு டப்பாவை வீசிவிட்டேன். டிவி நடுவில் விரிசல். இப்போது செய்தி வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு. "பொண்ணு அடிக்க வைக்கிறா, அப்பன் திருப்பி அடிக்கிறான்" என்று டிப்போவே சிரிக்கிறது.

சிரிக்கட்டும். அவள் நெற்றியில் ரத்தம் வழிகிறது, ஒரு கண்டக்டர், "அவ வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?" என்கிறான். நாலு பேர் தலையாட்டுகிறார்கள். நாற்பது நாளாக அடிக்கிறான். தப்பு என்று சொல்ல உன் கதையில் ஒரு நாதி இல்லை. நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனாலும் ஜனங்களுக்கு நீதி என்று ஒன்று வேண்டாமா? அவன்மேல் ஒரு லாரியை ஏற்று. ஓட்ட ஆள் இல்லையென்றால் நானே வருகிறேன், லைசென்ஸ் இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இரண்டு மூக்கு படித்துச் சிரித்தேன்.

லாரி வேண்டாம் அப்பா. ஏற்றினால் அந்தக் கண்டக்டர் கைதட்டிவிட்டு, 'நான் அவனை மாதிரி இல்லை' என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். நான் சொல்கிற நீதியை எல்லோரும் பக்கத்து வீட்டுக்காரனுக்கு அனுப்பிவிடுவார்கள். சேனலிலும் இதே சண்டைதான். "மேடம், மெசேஜ் எங்கே?" என்கிறார்கள். என்னிடம் மெசேஜ் இல்லை. பார்த்தது மட்டும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள். அடிப்பதற்கு முன்னால் அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். டப்பா கையில் வேண்டாம்.

உங்கள் மகள்

மார்ச் 16

கண்ணு,

பார்த்தோம்.

அவன் வாட்சைக் கழற்றினான். கண்ணாடி உடையக் கூடாதென்று ஃபிரிட்ஜின் மேல் துணி மடித்து அதில் வைத்தான். பிறகு திரும்பி இடது காதோடு சேர்த்து அறைந்தான். விழுந்தவளை உதைத்தான். துணிகூட நம் வீட்டு மஞ்சள் துணி. உனக்கு அப்போது ஆறு வயது. நீ தூங்குகிறாய் என்று நினைத்திருந்தேன்.

உன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துதான் அந்தக் காது போயிற்று என்று டாக்டர் முதல் உன் மாமா வரை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி, எனக்கே அந்த ஈரத் தரை ஞாபகத்தில் இருக்கிறது.

உன் அம்மா, "சவுண்டைக் கொஞ்சம் கூட்டுங்க" என்றாள். கூட்டினேன்.

நேற்று டூட்டி முடிந்து வந்து, குளிக்கப் போகலாம் என்று வாட்சைக் கழற்றினேன். தட்டு துடைத்துக்கொண்டிருந்தவள் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றாள். போனது அவளுக்கே தெரியாது. நான் கை ஓங்கி இருபது வருடமாகிறது. இருபது வருடமும் தினமும் அவள் இப்படிப் பின்னால் போயிருக்கிறாள். நான் நேற்றுதான் பார்த்தேன்.

வாட்சைத் திரும்பக் கட்டிக்கொண்டேன்.

"ஏன், குளிக்கலையா?"

"குளிக்கிறேன். இதுக்குத் தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது."

ஆகிவிட்டது. ஆறு பத்தில் நின்றுபோனது. உன் அப்பனின் புத்தி அவ்வளவுதான்.

லாரியை விட்டுவிடு. நீ பார்த்ததையே எழுது.

நேற்று குளியலறையில், வாளி நிரம்பி வழிகிற வரை சொல்ல வாயைத் திறந்தபடி நின்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் துண்டோடு நின்றிருந்தாள், கேட்கிற காது என் பக்கம். 'நீ வழுக்கி விழல. நான்தான்.' இதை மட்டும் சத்தமாகச் சொல்லவில்லை.

அப்பா