டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது

வியாழன், ஏப்ரல் 9

வெயில். மாலை ஆறு மணிக்கும் மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. துணியெல்லாம் அப்பளம் மாதிரி.

கண் டாக்டரிடம் கடைசிப் பரிசோதனை. புரை எடுத்த இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிறதாம். சொட்டு மருந்து இனி வேண்டாம். ராத்திரி சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "ராத்திரி எங்கேம்மா போறீங்க?" என்றார். பிறகு, ஓட்டலாம் என்றார்.

ஆகவே கிளம்புகிறேன். நாளை இரவு பஸ், சைக்கிள் டிக்கியில். சன்னராயபட்டணத்தில் இறங்கி, இரவோடு இரவாக சிரவணபெளகொளா வழியாக மேல்கோட்டை. பகலில் தூக்கம். ஞாயிறு விடியலுக்கு முன் கிளம்பி பாண்டவபுரம், ஸ்ரீரங்கப்பட்டணம், வீடு.

எடுக்க வேண்டியவை: டியூப் 2, காற்றடிக்கும் பம்ப், ஸ்பேனர், முன் லைட் (சார்ஜ்!), பின் சிவப்பு லைட், அவல், கடலை மிட்டாய், துண்டு, இந்த நோட்டு.

இவருக்குப் பிடிக்கவில்லை. "நான் வேணா ஸ்கூட்டர்ல பின்னாலயே வாரேன் சரசு."

"வேண்டாமுங்க. நீங்க பின்னால லைட் அடிச்சா என் நிழல்தான் எனக்குத் தெரியும்."

"போன வருசம் ஆனது மறந்துபோச்சா? கையில ஒரு டார்ச்சுகூட இல்லாம ரோட்டுல நடக்கிற ஆளுங்கள நீ என்ன பண்ணுவே?"

அவலை டப்பாவில் போட்டேன்.

அந்த ஆளிடம் டார்ச் இருந்தது.

வெள்ளி, ஏப்ரல் 10 (இல்லை, சனி ஆகிவிட்டது, மணி 12.50)

சன்னராயபட்டணம். பெட்ரோல் பங்க் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது சிரிப்பு வருகிறது.

ஷிப்ட் முடிந்து, குளித்து, ஒன்பதே முக்காலுக்குப் பஸ். முன் சக்கரத்தைக் கழற்றினால்தான் டிக்கியில் ஏற்றுவோம் என்றார்கள். கழற்றினேன். சக்கரம் என் காலடியில், சைக்கிள் கீழே. தூக்கம் வரவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் சக்கரத்தோடும் பையோடும் இறங்கிப் பின்பக்கம் போகிறேன், பஸ் நகர்ந்துவிட்டது! கத்தினேன். தட்டினேன். போயே போய்விட்டது.

பாதி ராத்திரியில், தெரியாத ஊரில், ஐம்பது வயதுப் பொம்பளை, கையில் ஒற்றைச் சக்கரம்.

ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "ஹத்தி, ஹத்தி!" ஏறச் சொல்லி என்னை உள்ளே இழுக்காத குறை. விரட்டினோம். ஊர்க் கோடியில் பஸ் டீசலுக்கு நின்றிருந்தது. கிளீனர் தலையில் கை வைத்துக்கொண்டார். நரைத்த மீசைக்காரர். "சக்கரம் உங்க கையில இருந்துச்சு, சைக்கிளையும் எடுத்துட்டீங்கன்னு நெனச்சுட்டேன்மா" என்றார். திட்டத் தோன்றவில்லை. சைக்கிளைப் பார்த்த சந்தோஷத்தில் அவருக்கே கடலை மிட்டாய் கொடுத்தேன்.

சக்கரம் மாட்டியாச்சு. பிரேக் சரி. கிளம்புகிறேன்.

சனி, ஏப்ரல் 11, மேல்கோட்டை

காலை ஏழரைக்கு வந்து சேர்ந்தேன். மலையேற்றத்தில் இரண்டு இடத்தில் தள்ளிக்கொண்டு நடந்தேன். வெட்கமில்லை. அறை கிடைத்தது. புளியோதரை. மூன்று மணி வரை அசையாத தூக்கம்.

ராத்திரியைப் பற்றி எழுத வேண்டும். எதிரே வந்த முதல் லாரியைப் பார்த்ததும் பழக்கத்தில் ஓரம்கட்டி நின்றுவிட்டேன். முன்பெல்லாம் லாரி லைட் பூசணிக்காய் உடைந்த மாதிரி கண் முழுக்கச் சிதறும். பிறகு பத்து நொடி ஒன்றும் தெரியாது. இந்த முறை இரண்டு விளக்கு வந்தது, இரண்டு விளக்காகவே போனது. பின்னால் ரோடு அப்படியே இருந்தது. வெள்ளைக்கோடு, புளியமரம், மைல்கல், அதன்மேல் படுத்திருந்த நாய். நாய்கூடத் தெரிந்தது! நின்ற இடத்திலேயே கொஞ்சம் அழுதேன். ஒரு மணிக்கு மேல் அரை நிலா எழுந்தது. அதற்கும் ஓரம் கூர்மை.

கீழே குளத்தங்கரையில் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன்.

போன வருடம் மே. பாண்டவபுரம் தாண்டி, நள்ளிரவுக்குப் பின். தனியாகத்தான் வந்துகொண்டிருந்தேன். ஓரமாக நடந்துபோன ஒருவர்மேல் மோதினேன். பெயர் சிக்கண்ணா, அறுபத்தைந்து இருக்கும். மோட்டாருக்கு ராத்திரியில்தான் கரண்ட் விடுகிறார்கள் என்று கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர். தோள் எலும்பு உடைந்தது. காய்கறி வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். அதுவரை சரி. மகன் மஞ்சு ஓடி வந்தான். "அப்பா கையில டார்ச் இருந்துச்சா மேடம்?"

"இல்லை, நான் பார்க்கலை" என்றேன்.

பார்த்தேன். மோதி விழுந்து எழுந்ததும் முதலில் பார்த்ததே அதைத்தான். புல்லில் கிடந்தது, எரிந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டு வந்தேன். என் தப்பு என்றால் போலீஸ், வேலை, இவர் இனிமேல் சைக்கிளைத் தொடவிட மாட்டார் என்று என்னென்னவோ. மஞ்சு கட்டில் பக்கம் திரும்பி, "டார்ச் எடுக்காம ஏன் போனே, புத்தி இல்லையா" என்று அப்பாவைக் கத்தினான். வலியில் அவர், எடுத்தேனே, எடுத்தேனே என்றார். நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, தொழிற்சாலையில் கீறல் விழுந்த உருப்படிகளை நல்லது என்று அனுப்பி மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் கண்ணைக் காட்டினேன். புரை.

அலாரம் 2.30.

ஞாயிறு, ஏப்ரல் 12, வீடு

மூன்றுக்குக் கிளம்பினேன். இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்து விரல் மரத்துவிட்டது. குளிர்ந்த காற்று, எங்கோ ஆலையில் வெல்லம் காய்ச்சும் வாசனை. பாண்டவபுரத்தில் ஐந்தே கால். டீக்கடையில் இரண்டு டீ, மூன்றாவதும் சொன்னேன். நேராக வீட்டுக்குப் போய்விடலாம், யாருக்குத் தெரியும் என்று தோன்றியது. மூன்றாவது டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

சிக்கண்ணா வாசலில் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பார்த்ததும் தெரிந்துகொண்டார். "சைக்கிள் அம்மா! வா தாயி, காப்பி குடி." (அவர்கள் பேசியது கன்னடம்.)

காப்பி வருவதற்குள் சொல்லிவிட்டேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை. "உங்க கையில டார்ச் இருந்துச்சு. எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. என் கண்ணுதான் கெட்டுப்போயிருந்தது. எனக்குத் தெரிஞ்சும் இல்லைன்னு சொன்னேன்."

மாடு அவர் கையிலிருந்த புல்லை இழுத்தது.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

"எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது."

"மஞ்சா! ஏ மஞ்சா! இங்க வா!"

மஞ்சு வாயில் பிரஷ்ஷோடு வந்தான். அவனுக்கும் சொன்னேன். அவன் துப்பிவிட்டு வந்து என் எதிரே நின்றான். "ஒரு வருசம் மேடம். எங்கப்பாவுக்கு மறதி வந்துடுச்சுன்னு தலையை ஸ்கேன் எடுத்தோம். பம்ப் ரூம் சாவியை நான் வாங்கி வெச்சுக்கிட்டேன். வீட்டில எது காணாமப் போனாலும் அவரைத்தான் கேட்டோம்." பிரஷ்ஷை என் பக்கம் நீட்டினான். "நீங்க படிச்சவங்கதானே?"

என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் கிளம்பும் வரை வரவில்லை. அது நியாயம்தான்.

கிழவர் மெதுவாகத் திண்ணையில் உட்கார்ந்தார். "எனக்கே நம்பிக்கை போச்சு தாயி. ராத்திரி எழுந்து, இது என் செருப்புதானா, இது என் போர்வைதானான்னு பார்ப்பேன். ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னாங்க. அதையும் நம்பலை."

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "தோள் போனதுக்கு உன்மேல கோபமில்லை. டார்ச்சை மறைச்சதுக்குக் கோபம் இருக்கு. ஆனா இன்னிக்கு அதுக்கு நேரமில்லை. வா."

வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பக்கத்து வீடு, எதிர் வீடு, பால் சொசைட்டி. மூன்று இடத்திலும் என்னை நிறுத்தி, சொல்லு என்றார். சொன்னேன். சொசைட்டியில் கேனோடு நின்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது கொதித்தது. அவர் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார், பல் இல்லாத இடமெல்லாம் தெரிய. "எனக்குப் புத்தி சரியாத்தான் இருக்கு, கேட்டீங்களா!"

போன் நம்பர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

ஸ்ரீரங்கப்பட்டணம் பாலத்தில் வெயில் ஏறிவிட்டது. கால் வலி தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபோது பதினொன்று. இவர், "எல்லாம் நல்லபடியா ஆச்சா?" என்றார். ஆச்சுங்க என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. இவருக்கும் சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய் வரவில்லை. குளித்தேன், சாப்பிட்டேன், படுத்தேன்.

திங்கள், ஏப்ரல் 13, விடியற்காலை

ஒன்றே முக்காலுக்குப் போன். தெரியாத நம்பர். இவர் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"தாயி, நான்தான். கரண்ட் வந்துடுச்சு. மோட்டார் போட்டுட்டேன். கேக்குதா?" போனைத் தண்ணீர்ப் பக்கம் பிடித்திருக்க வேண்டும். வாய்க்காலில் விழும் சத்தம். "சாவியை மஞ்சனே கொடுத்தான். ஒரு வார்த்தை பேசலை. கொடுத்தான்." வைத்துவிட்டார்.

"யாரு சரசு இந்நேரத்துல?"

விளக்கைப் போட்டேன். முதலிலிருந்து சொன்னேன். புல், ஆஸ்பத்திரி, மஞ்சு, பால் சொசைட்டி. முடித்ததும் இவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தார்.

"இதை ஒரு வருசமா வெச்சுக்கிட்டு எப்படிப் புள்ள தூங்குனே?"

"தூங்கலைங்க."

மணி ஐந்து. கம்பெனி பஸ் ஆறு இருபதுக்கு. சூப்பர்வைசருக்கு லீவு என்று மெசேஜ் அனுப்பியாச்சு. கண் சொக்குகிறது. படுக்கப் போ…