ஏழாவது கட்டம்

மார்ச் 3

அன்புள்ள பாட்டிக்கு,

போனில் நான் பேசுவது உங்களுக்குப் பாதிதான் கேட்கிறது, அதனால் கடிதம். கூடவே ஒரு தாள் வைத்திருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பொருளைச் செய்வதற்கு முன்னால் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை. அந்தப் பொருளை ஒருவர் எப்படிப் பயன்படுத்துவார் என்று சித்திரக்கதையாகக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுவதுதான் என் வேலை.

இந்தத் தாளில் இருப்பது நாங்கள் செய்யப்போகும் மாத்திரை டப்பா. நேரம் வந்தால் குரல் கொடுக்கும், எடுத்து விழுங்கும்வரை விடாது. மொத்தம் ஆறு கட்டங்கள். பத்தொன்பதாம் தேதி மேலதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். இரண்டு வாரமாக இதையே வரைந்து விரல் மரத்துவிட்டது. சரியாக வந்திருக்கிறதா, சொல்லுங்கள்.

அன்புடன்,
சுண்டு

மார்ச் 7

சுண்டுவுக்கு,

நலம். முழங்கால் மட்டும் நலமில்லை.

அந்தக் கிழவி நான்தானே? மூக்கில் மச்சம், கைத்தடி, ஒட்டுப்போட்ட கண்ணாடி. மச்சத்தை இடது பக்கம் வைத்திருக்கிறாய். எனக்கு வலது பக்கம். இத்தனை வருஷம் என் மடியில் கிடந்து எதைப் பார்த்தாய்?

இரண்டாம் கட்டத்தில் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு "ஐயோ, மறந்துட்டேனே!" என்கிறாள். நான் எப்போது மறந்தேன்? உன் அம்மா இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு "அத்தை, இதுல உப்பு போட்டீங்களா?" என்றாள். வியாழக்கிழமை, வெளியே மழை. உன் அத்தை வாங்கிக்கொண்டு போன கத்தரிக்கோல் பதினாறு வருஷமாகத் திரும்பி வரவில்லை. நானா மறக்கிறவள்?

நாலாம் கட்டத்தில் டப்பா கத்துகிறது, கிழவி சிரிக்கிறாள். நாலு பேர் முன்னால் ஒரு டப்பா என்னைப் பார்த்துக் கத்தினால் சிரிப்பேனா? தலையணைக்கு அடியில் போட்டு அமுக்குவேன்.

நான் மறக்கிறேன் என்று உனக்கு யார் சொன்னது?

உன் பாட்டி

மார்ச் 10

அன்புள்ள பாட்டிக்கு,

கேட்காமல் வரைந்தது தப்புதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாதான் சொன்னாள். நாலு மணி மாத்திரை மட்டும் பாதிக்கு மேல் மிச்சம் கிடக்கிறதாம். உங்கள் கால் வீங்கியிருக்கிறதாம். "உங்க பாட்டிக்கு ஞாபகம் போயிடுச்சுடி. என்னால இனிமே முடியல" என்று அழுதாள். அப்பா முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பம் வாங்கி நிரப்பியே வைத்துவிட்டார். 'மறதி உண்டா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதியிருக்கிறாராம்.

இந்த டப்பா வந்துவிட்டால் உங்களை அனுப்ப வேண்டியிருக்காது என்று நினைத்துத்தான் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். நிஜமாகவே மறக்கிறீர்களா, பாட்டி?

சுண்டு

மார்ச் 14

சுண்டுவுக்கு,

விண்ணப்பத்தை நானும் பார்த்தேன். அலமாரி மேல்தட்டில், மின்சார ரசீதுக்குக் கீழே. என் கண்ணில் படாது என்று அவனுக்கு நினைப்பு. படித்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்தேன். அவனிடம் பேசிப் பேசி எனக்கும் அலுத்துவிட்டது.

நான் மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். இதுவரை இருபத்திரண்டு.

அது கால் வீக்கம் வடியக் கொடுத்த நீர் மாத்திரை. போட்டால் ஆறு மணிக்குள் மூன்று தடவை போக வேண்டும். நாலரைக்கு உன் அம்மாவின் டியூஷன். கூடம் முழுக்கப் பிள்ளைகள். கழிவறை கூடத்துக்கு அந்தப் பக்கம். நோட்டுகளைத் தாண்டித் தாண்டித் தடியோடு போக வேண்டும். ஒரு நாள் ஒரு பெண் "மறுபடியுமா, பாட்டி?" என்றாள். எல்லாம் சிரித்தன. உன் அம்மா சிரிக்கவில்லை. "அத்தை, கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா? பாடம் கெடுது" என்றாள். பிப்ரவரி இரண்டு, செவ்வாய்க்கிழமை.

டியூஷன் இல்லாத வெள்ளி, சனி, ஞாயிறு ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறேன். மறதிக்குக் கிழமை தெரியுமா? எண்ணிப் பார்த்தால் விளங்கியிருக்கும். யாரும் எண்ணவில்லை.

ஆறு கட்டம் வரைந்தாயே, ஒன்றிலாவது கழிவறைக் கதவு இருக்கிறதா? மாத்திரையை விழுங்கிவிட்டு அந்தக் கிழவி எங்கே போவாள்? ஏழாவது கட்டத்தை நானே வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். உருண்டையெல்லாம் பிள்ளைகள். குச்சி வைத்த கோடு நான். மூலையில் இருப்பது கதவு.

உன் அம்மாவிடம் சொல்லாதே. நான் கோள் சொன்னதாக ஆகும்.

உன் பாட்டி

மார்ச் 20

அன்புள்ள பாட்டிக்கு,

நேற்று காட்டினேன். என் ஆறு கட்டத்துக்கு அடுத்து உங்கள் தாளைச் சுவரில் ஒட்டி, நீங்கள் மாத்திரையை ஏன் விடுகிறீர்கள் என்று சொன்னேன். எல்லோரும் என்னுடையதை விட்டுவிட்டு அதையே பார்த்தார்கள். மேலாளர் "அப்போ இந்தம்மாவுக்கு டப்பாவே வேண்டாமே?" என்றார். "ஆமா சார்" என்றேன். ஒரு மாத வேலை அந்த இரண்டு வார்த்தையில் முடிந்தது. டப்பாவை நிறுத்திவிட்டார்கள். வருத்தமில்லை, அசதிதான்.

இன்னொன்று. அந்தக் கட்டத்தைப் படம் பிடித்து அம்மாவுக்கும் அனுப்பிவிட்டேன், நீங்கள் எழுதிய காரணத்தோடு. அப்பா விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாரோ என்று பயம். திட்டுங்கள்.

சுண்டு

ஏப்ரல் 1

சுண்டுவுக்கு,

கேட்காமல் வரைந்தாய், ஒன்று. நான் கழிவறைக்குப் போவதை ஆபீஸ் சுவரில் ஒட்டினாய், இரண்டு. சொல்லாதே என்றதைச் சொன்னாய், மூன்று. அடுத்த கடிதம் நானாகத்தான் எழுதுவேன். அதுவரை நீ எழுதாதே.

உன் அம்மா மாத்திரை அட்டைகளையும் நாட்காட்டியையும் எதிரெதிரே வைத்துக்கொண்டு வெகுநேரம் எண்ணினாள். மறுநாளிலிருந்து பிள்ளைகள் ஜன்னல் ஓரமாக நெருக்கி உட்காருகின்றன. சுவரோரம் ஒரு ஆள் நடக்க வழி இருக்கிறது. யார் சொல்லி என்று நான் கேட்கவில்லை. நாலு மணி மாத்திரை போட்டுக்கொள்கிறேன். கால் கொஞ்சம் வடிந்திருக்கிறது.

விண்ணப்பத்தை உங்கப்பா கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. நேற்று எட்டி எடுத்துப் பார்த்தேன். மறதி என்ற இடத்தில் 'ஆம்' என்பதை அடித்து 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. உன் அம்மாவின் கையெழுத்து.

இனி என்னை அனுப்புவதானால் எல்லாம் ஞாபகமுள்ளவளாகத்தான் அனுப்ப வேண்டும். அதற்குத்தான் அவர்களுக்குத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது.

உன் அப்பாவைப் பெற்றவள்