பிராமன் மாடுகள் வாய் திறந்து நின்ற நாள்

அண்ணாச்சி,

இங்கே வளைகுடாவில், ரோலா பகுதியில் மகள் வீட்டுக்குக் கீழே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டில், இறைச்சிப் பெட்டியின் மேல் ‘பிராமன்’ என்று எழுதிய அட்டையை நேற்று பார்த்தேன். வாங்கப் போனதை வாங்காமல் திரும்பிவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் அபுதாபி கடலோரத்து மாட்டுப் பண்ணையில் நீங்கள் கால்நடை உதவியாளர், நான் டைப்பிஸ்ட். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய பிராமன் மாடுகளின் திமிலையும் தொங்கும் கழுத்துத் தோலையும் பார்த்துச் சிரித்தீர்கள். “ஏல, இது நம்ம நாட்டு மாடுல்லா. ஓங்கோல்ல இருந்தும் குஜராத்துல இருந்தும் அமெரிக்காக்காரன் கொண்டுபோயி, அங்க உள்ள பசுவோட சேத்து உண்டாக்குன சாதி.” வெயில், உண்ணி, காய்ந்த புல் எல்லாவற்றையும் தாங்கும் என்றீர்கள்.

மேனேஜரும் அதையேதான் பிடித்துக்கொண்டார். தகரக் கொட்டகையில் இரண்டு மடங்கு மாடுகளை அடைத்துவிட்டு, “பிராமன்தானே, மாஃபி முஷ்கில்”, ஒரு பிரச்சினையும் இல்லை என்பார். நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னீர்கள்: “சாகாத மாடுன்னு ஒண்ணு கிடையாதுடே. இது கஷ்டத்த வெளிய காட்டாது, அவ்வளவுதான்.”

ஆகஸ்டில் ஒரு நாள் காலையிலேயே காற்று நின்றுபோனது. கடல் ஈரத்தில் சட்டை உடம்போடு ஒட்டியது. ஒரு மாடும் படுக்கவில்லை, ஒன்றும் கத்தவில்லை. வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. நீங்கள் ஆபீஸுக்கு வந்தீர்கள்.

“கேட் சாவி எங்க? இப்பமே மாட்டத் தண்ணிப் பக்கம் தொறந்து விடணும்.”

மேனேஜர் சைட்டில் இல்லை. அவரைக் கேட்காமல் கேட்டைத் திறந்த ஒருவரை முந்தின மாதம்தான் வேலையை விட்டு நீக்கி ஊருக்கு அனுப்பியிருந்தார். சாவி என் மேசை டிராயரில் இருந்தது.

“அவரு வரட்டும், அண்ணாச்சி.”

நீங்கள் உடனே வெளியே போய், உட்பக்கம் பார்த்துத் தொங்கிய பூட்டை உடைக்க ஒரு கம்பியோடு வேலி ஏறி உள்ளே குதித்தீர்கள். ஒரு காளை சரிந்து விழுந்தது. கூட்டம் மொத்தமும் மிரண்டு உங்கள் பக்கம் சாய்ந்தது. இரும்பு வேலிக்கும் மாடுகளுக்கும் நடுவில் நீங்கள்.

அப்புறம்தான் சாவியோடு ஓடி வந்து கேட்டைத் திறந்தேன்.

பிக்கப்பில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. “மாடு தண்ணி குடிச்சுதா?” என்று கேட்டீர்கள். குடிக்கிறது என்றேன். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உங்கள் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் மேனேஜர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன்: ‘அனுமதியின்றி, தன் விருப்பப்படி உள்ளே சென்றார்.’ ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. உங்கள் உடலோடு அந்தத் தாளும் ஊருக்குப் போனது. லீவில் போனபோது உங்கள் மனைவி, “யாரு சொன்னாலும் கேக்க மாட்டாவ, தம்பி” என்று என்னிடமே சொல்லி அழுதார்கள். சாவி எங்கே இருந்தது என்று அன்றும் நான் வாய் திறக்கவில்லை. போன வருஷம் அவர்களும் போய்விட்டார்கள். இதைச் சொல்ல இனி உங்களைத் தவிர எனக்கு ஆள் இல்லை.