சிட்டு-5: நம்பி வாங்கலாம்

நாள் 31 | காலை 08:10 | சாவடி 7, செவ்வாய், வடக்குப் பனிவெளி
வெளி வெப்பம்: −71. காற்றுத் தொட்டி நிறைவு. சுவரில் சேதமில்லை.

எனக்குப் பின்னால் இந்தச் சாவடிக் காவலுக்கு வரப்போகிறவருக்கு வணக்கம். பெயர் திருமூர்த்தி. ஊர் உடுமலைப்பேட்டை. பத்தாவது இரண்டு முறை படித்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. பிறகு இருபது வருடம் லேத் பட்டறை.

முதல் பதிவே ஒரு மானக்கேடு. கிடங்கில் கொடுத்த வெளி உடுப்பின் ஜிப் என் தொப்புளைத் தாண்ட மறுத்துவிட்டது. இரண்டு பேர் இழுத்தார்கள். ஒருவர் என் முதுகில் முட்டி கொடுத்து இழுத்தார். கடைசியில், பக்கவாட்டில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்த பெரிய உடுப்பு ஒன்றை எங்கிருந்தோ தேடி எடுத்து வந்தார்கள். அதில் தொடைப் பை கிடையாது. துப்பாக்கிப் பை இடுப்புக்குப் பின்னால், பேட்டரிப் பெட்டியை ஒட்டி இருக்கிறது. கையை வளைத்து எடுப்பதற்குள் தோள் பிடித்துக்கொள்கிறது.

துப்பாக்கி: சிட்டு-5. குட்டைக் குழல், ஐந்து தோட்டா ரிவால்வர். காவலர்கள் சொந்தச் செலவில் வாங்க வேண்டும் என்பதால் கடையில் இருந்ததிலேயே மலிவானதை வாங்கினேன். இன்று வெளியே தகர டிரம்மை வைத்துச் சோதனை. ஐந்து அழுத்தம், ஐந்து வெடி. டிரம்மில் பட்டது ஒன்று. அது துப்பாக்கியின் குறையல்ல.

நாள் 58 | பகல் 14:35
முதல் நண்டு வந்தது.

புதியவருக்காக: நண்டு என்று நாங்கள் சொல்வது, மூடிப்போன சுரங்கக் கம்பெனி விட்டுப்போன தோண்டும் இயந்திரம். ஆறு கால், முன்னால் ஒரே ஒரு கண்ணாடிக் கண். சூடு எங்கே இருந்தாலும் தேடி வந்து தோண்டும். சாவடிச் சுவரானாலும் சரி, ஆளானாலும் சரி. கண்ணை உடைத்தால் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும்.

இரண்டு தோட்டாவில் உட்கார்ந்தது. நானும் கூடவே உட்கார்ந்தேன்.

சிட்டு வைத்திருப்பவர்கள் சுட்ட ஒவ்வொரு முறையும் பொதுப் பலகையில் அனுபவம் எழுத வேண்டும். எழுதினால்தான் ஸ்பிரிங் மாற்றித் தருவார்கள். எழுதினேன்: “இதுவரை ஒரு தோட்டாகூடப் பொய்க்கவில்லை. நம்பி வாங்கலாம்.” கீழே ஒரு கட்டம்: ‘உடுப்பின் அளவு, பை இருக்கும் இடம்.’ நாற்பது சாவடிக்காரர்கள் படிக்கிற இடம். காலியாக விட்டேன்.

நாள் 83 | காலை 09:20
பலகையில் என் குறிப்புக்குத்தான் அதிக நட்சத்திரம். யார் யாரோ ஆலோசனை கேட்கிறார்கள். கணக்கு வாத்தியார் பார்த்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சாவடி 3-இல் இருக்கும் சோலைராசு மட்டும் புலம்புகிறான். அவனும் சிட்டுதான் வைத்திருக்கிறான். “அமுக்குனா டிக்குங்குது, வெடிக்க மாட்டேங்குது. எவனுக்காச்சும் இப்பிடி ஆச்சாப்பா?”

நான் பதில் போட்டேன்: “மாப்ள, அது துப்பாக்கி, வெத்தலப் பொட்டி இல்ல. தெனமும் தொடைச்சு வை.”

சிரிப்பு முத்திரைகள் குவிந்தன. அவனும் விடவில்லை: “யோவ் மூர்த்தி, ஒன்னைய மாதிரி எல்லாருக்கும் கைராசி வாய்க்குமாய்யா?”

நாள் 96 | மாலை 17:05
சாவடி 11-இலிருந்து என் மகள் நித்திலா அழைத்தாள். தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் இருக்கிறாள். வீட்டில் படித்தது அவள் ஒருத்திதான். எனக்கும் அவளுக்கும் நடுவில் முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். உரையாடலை அப்படியே பதிகிறேன். இதில் என்ன பெருமை என்று கேட்கக் கூடாது.

“அப்பா, சாப்டீங்களா? எனக்கும் துப்பாக்கி எடுக்கச் சொல்லிட்டாங்க. பெரிய குழலு வாங்கறதுங்களா, உங்க சிட்டே வாங்கறதுங்களா? அந்தச் சோலைராசு அண்ணன் டிக்குன்னு நிக்குதுங்கறாரே?”

“அவன் கெடக்கறான் அம்மிணி. சிட்டே எடு. நெம்ப லேசு, உன்ற கைக்குத் தோதா இருக்கும். உங்கப்பன் கேரண்டி.”

“உங்க கேரண்டியா? நீங்க மாட்டுன பம்புசெட்டு ஒரே வாரத்துல தண்ணியக் கக்கிட்டு நின்னுதே!”

“அது பம்புசெட்டோட தலையெழுத்து.”

“சரி சரி. நீங்க சொன்னா வாங்கிக்கறனுங்க.”

நாள் 139 | பகல் 15:50
புழுதிப் புயல் தொடக்கம். சாவடிகளின் பேச்சையும் எழுத்தையும் கடத்தும் நடுக் கோபுரத்தின் மின்சாரம் குறைந்துகொண்டே வருகிறது.

மீட்பு வண்டியிலிருந்து எல்லாச் சாவடிகளுக்கும் வந்த செய்தி: “சாவடி மூணுல சுவரு போயிருச்சு. சோலைராசு வெளியில கெடக்கார். உசிரு இல்ல. கையில சிட்டு. அஞ்சு தோட்டாலயும் குத்துன தடம் இருக்கு, ஒண்ணுகூட வெடிக்கல.”

பலகையில் நான் எழுதிய வெற்றிலைப் பெட்டி இன்னும் இருக்கிறது. அதன் கீழே சிரிப்பு முத்திரைகளும் இருக்கின்றன.

நாள் 140 | காலை 07:30
வெளி வெப்பம்: −83.

என் துப்பாக்கியை வெளி மேசையில் ஒரு மணி நேரம் வைத்தேன். பிறகு அழுத்தினேன். டிக். ஐந்து முறையும் டிக்.

அந்த ஐந்து தோட்டாக்களையும் எடுத்துவிட்டுப் புதிதாக ஐந்து போட்டு, பின்பையில் அரை மணி நேரம் வைத்து எடுத்தேன். ஐந்தும் வெடித்தன.

கழற்றிப் பார்த்தேன். உள்ளே பூசியிருப்பது மட்டமான கிரீஸ். குளிரில் மெழுகாக இறுகி, சுத்தியலின் வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது; தோட்டாவில் தடம் மட்டும்தான் விழுகிறது. பேட்டரிச் சூட்டில் என் துப்பாக்கி இளகியே இருந்திருக்கிறது. மற்ற எல்லாருக்கும் தொடைப் பை. இருபது வருட லேத் அனுபவம் இதைக் கழற்றிப் பார்க்க நூற்றொன்பது நாள் எடுத்துக்கொண்டது.

நித்திலாவுக்கும் தொடைப் பைதான்.

நாள் 140 | காலை 08:05
கோபுரம் படுத்துவிட்டது. குரலும் போகவில்லை, எழுத்தும் போகவில்லை. நேற்று மாலை வரை உயிரோடுதான் இருந்தது. நேற்றே சொல்லியிருக்கலாம். உறுதி செய்துகொண்டு சொல்வோம் என்று இருந்தேன். அப்படித்தான் முதலில் இங்கே எழுத நினைத்தேன். உண்மை வேறு. கொடுத்த கேரண்டியைத் திரும்ப வாங்கக் கூச்சமாக இருந்தது.

நாள் 142 | பகல் 12:00
கோபுரம் இல்லை. சாவடியில் வண்டியும் இல்லை. முந்நூற்று நாற்பது கிலோமீட்டரை இரண்டு முறை வகுத்துப் பார்த்தேன். நடக்க முடியாது.

நாள் 143 | பகல் 12:01
கோபுரம் விழித்தது. அதன் பேட்டரி நான்கு நிமிடத்துக்குத்தான் வரும். நான் அழைப்பதற்குள் அவளே வந்தாள். பதிவுக் கருவியிலிருந்து எடுத்து எழுதுகிறேன்.

“அப்பா! வெளிய இருக்கறனுங்க. குழாய் பாக்க வந்தேன், நண்டு வந்து கதவு முன்னால உக்காந்துக்கிச்சு. நான் தொட்டிக்குப் பின்னால. அரை மணி நேரத்துக்குக் காத்து இருக்குது. பயப்படாதீங்க, சிட்டு இருக்குதுல்ல.”

“வெளிய வந்து எத்தன நேரமாச்சு கண்ணு?”

“ரெண்டு மணி நேரமிருக்கும். ஏனுங்க?”

“சாமி, அதப் பையில இருந்து எடு. கக்கத்துல வெச்சு இறுக்கிக்க. சித்த சூடேறட்டும். குளுருக்குக் கொஞ்சம் மக்கர் பண்ணுமாட்ட இருக்குது.”

“உங்களுது மட்டும் எப்படிப்பா ஒருநாளும் மக்கர் பண்ணல?”

“அப்பன் கைராசி அம்மிணி.”

சிரித்தாள். சிரித்ததும் பதிவில் இருக்கிறது.

உடுப்பின் வேலையே உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பது. கக்கத்தின் வெளிப்புறமும் பனிதான். பேட்டரிப் பெட்டி அவள் உடுப்பில் முதுகு நடுவில், கை எட்டாது. எனக்குத் தெரியும். படித்தவள், அவளுக்கும் தெரிந்திருக்கும்.

“திரும்பிருச்சுங்கப்பா. என்றகிட்டத்தான் வருது.”

“கண்ணுக்கு நேரா புடி. அமுத்து.”

“டிக்குங்குது.”

“மறுக்கா அமுத்து.”

“டிக்கு.”

“அமுத்து சாமி. அமுத்து.”

“டிக்கு. அப்பா, இது”

12:05. கோபுரம் அணைந்தது.

நாள் 143 | 12:40
காற்று அரை மணி நேரத்துக்கு என்றாள்

நாள் 143 | 16:00
வெளி வெப்பம் எழுதவில்லை. சுவர் பார்க்கவில்லை. ஐந்தில் மூன்றுதான் கேட்டேன். மீதி இரண்டு இருக்கிறது. மீதி இரண்டு இருக்கிறது.

நாள் 144 | பகல் 12:02
கோபுரம் விழித்தது. சாவடி 11-இலிருந்து குரல் இல்லை. அவள் உடுப்பு தானாக அனுப்பும் வரி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது: காற்று 0. காற்று 0.

முதலில் பலகை. காலிக் கட்டத்தை நிரப்பினேன்: ‘தொப்பைக்காகத் தைத்த பெரிய உடுப்பு. பை பேட்டரியை ஒட்டி. அதனால் வெடித்தது. தொடைப் பையில் வெடிக்காது. வாங்காதீர்கள்.’ பத்து நொடி ஆனது. எண்பத்தாறு நாள் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

மீதி நேரம் முழுக்க, அவள் உடுப்பின் இணைப்பு திறந்துதானே இருக்கிறது என்று, பேசினேன். பம்புசெட்டு நின்றது என் தப்புதான் என்றேன். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவள் சிரிப்பை இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன் என்றேன். சோலைராசு அண்ணன் அங்கே வந்தால் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன்.

உங்களுது மட்டும் எப்படி என்று அவள் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் வாயைத் தாண்டவில்லை. கைராசி இல்லை அம்மிணி. உங்கப்பனுக்கு ஜிப் ஏறவில்லை என்று நாலு பேருக்குத் தெரிய வெட்கமாக இருந்தது.