எல்லாவற்றுக்கும் அனுப்புநர் நான்

மார்ச் 4

தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. புகார்ப் பெட்டிக்கு வந்த மின்னஞ்சல்கள் அத்தனையும் ஒரே கோப்பாக வேண்டுமாம். எழுதியவர் யாரென்று மட்டும் தெரியக்கூடாதாம். எங்கள் பழைய சர்வரில் ஒவ்வொரு மின்னஞ்சலும் தனித்தனிக் கோப்பு. கணினி தெரிந்தவன் என்று பேர் வாங்கிய பாவத்துக்கு வேலை என்னிடம் வந்தது.

புகாரெல்லாம் எங்கள் மேலாளரைப் பற்றி. நாங்கள் வைத்த பெயர் 'இஸ்திரி'. சட்டையில் சுருக்கமும் இருக்காது, மனசில் ஈரமும் இருக்காது.

மாலை மைத்துனி போன் செய்தாள். எங்கள் பேக்கிங் பிரிவில்தான் வேலை. "மாமா, நானும் ஒண்ணு எழுதியிருக்கேன். என் பேரு வெளிய வந்துச்சு, அன்னிக்கே வேலை போயிடும்."

பக்கத்திலிருந்து மனைவி: "அப்படி ஆச்சுன்னா நீங்களும் வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க."

மார்ச் 5

கணினியில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தேன். முதல் கட்டளை, ஒவ்வொரு புகாரிலும் அனுப்புநர், தேதி இருக்கும் தலைப்பகுதியை வெட்டியது. அடுத்து, கோப்புகளை ஒன்றாக ஒட்டும் 'கேட்' கட்டளை, ஒரு நட்சத்திரக்குறி, ஓர் அம்புக்குறி, புதுக் கோப்பின் பெயர். என்டர். அவ்வளவுதான், எல்லாம் ஒட்டிக்கொண்டன. திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். பெருமை தாங்காமல் வாசல் காவலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"நிஜமாவே நீங்கதான் செஞ்சீங்களா சார்?" என்றார்.

மார்ச் 7

இஸ்திரி கூப்பிட்டான். பதில் எழுதச் சொல்லி என் கோப்பை அவனுக்கே அனுப்பியிருக்கிறார்கள். மேசையில் அச்சடித்த தாள்கட்டு.

"ஏன்யா, தினமும் என்கூட காபி குடிச்சிக்கிட்டே இவ்வளவு எழுதியிருக்கியே?"

முதல் பக்கத்தின் உச்சியில் — அனுப்புநர்: நான்.

இருக்கைக்கு ஓடிப் பார்த்தேன். பெட்டி தொடங்கிய அன்று, 'வருகிறதா?' என்று நானே ஒரு சோதனை மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். புகார் இல்லையே என்று அதன் தலைப்பகுதியை வெட்டவில்லை. வரிசையில் அதுதான் முதல். பின்னால் வந்ததெல்லாம் முண்டம். ஒரே ஆள் எழுதிய ஒரே நீளக் கடிதம் போல, மொத்த ஆபீசின் அழுகையும் என் பெயருக்குக் கீழே!

திரும்பிப் போய் விளக்கினேன்.

"அப்ப எழுதினவங்க பேரோட அசலைக் குடு. உன்னை விட்டுடறேன். இல்லேன்னா திங்கட்கிழமை விசாரணையில நீதான்."

மார்ச் 8

சோறு இறங்கவில்லை. "என்ன, எதையோ முழுங்கின மாதிரி முழிக்கிறீங்க?" என்றாள் மனைவி. அஜீரணம் என்றேன்.

கொடுத்தால்தான் என்ன? அவரவர் எழுதியதற்கு அவரவர் — சீ. நானெல்லாம் ஒரு மனுஷனா? ஆனால் இந்த வயசுல என்னை எவன் வேலைக்கு எடுப்பான்?

மார்ச் 9

இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 10

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். சிரித்தே பழக்கமில்லாத முகம். பக்கத்தில் இஸ்திரி.

"இதெல்லாம் நீங்க எழுதினதா?"

இஸ்திரி என் வாயையே பார்த்தான்.

"ஆமாங்க மேடம்."

அவர் பக்கம் புரட்டிப் படித்தார். "'நான் ஆறு மாதக் கர்ப்பிணி. நாள் முழுக்க நின்றபடி பெட்டி ஒட்டுகிறேன். நாற்காலி கேட்டதற்கு, வீட்டிலேயே போய் உட்கார் என்றார்.' இதுவும் நீங்கதானா?"

மைத்துனி. குனிந்து என் தொப்பையைப் பார்த்தேன். அது கொஞ்சம் ஒத்துழைத்தது.

"ஆமாங்க. கால் வேற வீங்குது."

யாரும் சிரிக்கவில்லை. இஸ்திரி துள்ளி எழுந்தான். "மேடம், புளுகுறான். எழுதினவங்க யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"எதுக்கு?" என்றார்.

அவன் மறுபடி உட்கார்ந்துவிட்டான். அதை அவர் குறித்துக்கொண்டார். பிறகு காலியாக இருந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "நீங்க உட்காருங்க. இந்த நிலைமையில நிக்கக்கூடாது."

ஏப்ரல் 2

விசாரணையில் பொய் சொன்னதற்கு எனக்கு எச்சரிக்கைக் கடிதம். இஸ்திரியின் அறை பூட்டிக் கிடக்கிறது. பேக்கிங் பிரிவுக்கு நாற்காலிகள் வந்திறங்கின. மைத்துனி முதல் ஆளாக உட்கார்ந்தாளாம்.

மதியம் என் இருக்கையில் யாரோ ஒரு மெத்தை போட்டு வைத்திருந்தார்கள். யாரென்று கேட்கவில்லை.

வெளியே வரும்போது காவலாளி குரலைத் தாழ்த்தினார். "எத்தனையாவது மாசம் சார்?"

"ஏழு நடக்குது," என்றேன்.