புத்தாண்டு அன்று நான் தராத ஆசி

சேந்த்-உர்சூல்
9 டிசம்பர் 1958

அன்பு மகள் லொரெத்துக்கு,

இங்கே நானும் அம்மாவும் தம்பி ரொசேரும் சுகம், பதினோரு பசுக்களும் சுகம், பனி விழுந்ததிலிருந்து என் முட்டிதான் முனகுகிறது. மேற்கே மனிதோபாவில் நீயும் உன் வீட்டுக்காரன் தொனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்களா. உன் கடிதமெல்லாம் அம்மா பேருக்கே வருகிறது, அவள் சத்தமாகப் படிப்பாள், நான் அடுப்புக்கு விறகு போடுகிற மாதிரி அங்கேயே நிற்பேன். நீ போய் மூன்று வருஷத்தில் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. மூன்றாம் வகுப்போடு மரம் வெட்டப் போனவன் கைக்குப் பேனா கோடரியைவிடக் கனக்கிறது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, சரி, சிரித்துக்கொள்.

நம் மேப்பிள் காட்டை ரொசேர் பேருக்கு மாற்றலாம் என்று நோட்டரியிடம் போனேன். பழைய பத்திரத்தில் உங்கள் முப்பாட்டனார் குடும்பப் பேர் வேறு மாதிரி இருக்கிறது, மாதா கோயிலில் கல்யாணப் பதிவைப் பார்த்து வா என்றார். சாமியார் பெரிய புத்தகத்தைத் திறந்து விரல் வைத்துப் படித்தார், மார்சொலே என்கிற சான்சூசி என்று. நம் மார்சொலே பேரோடு உன் வீட்டுக்காரன் பேர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நம் வம்சத்தில் முதல்வனான பட்டாளத்துக்காரன் ஒருவனுக்கு இரண்டு பிள்ளைகளாம். பட்டாளத்தில் ஆளுக்கொரு பட்டப்பேர் வைப்பார்களே, அந்தப் பேரை மூத்தவன் வைத்துக்கொண்டான், இளையவன் பழைய பேரை வைத்துக்கொண்டான். இளையவன் வழி நாம், மூத்தவன் வழி உன் தொனா சான்சூசி. சாமியார் சிரித்துக்கொண்டே, "என்ன ஓவிலா, ஊரெல்லாம் சொல்லிக் கேலி பண்ணினீரே, அது உம்ம பேருதானய்யா, அதுலயும் அவங்கதான் மூத்த கொடி" என்றார். ஆறு தலைமுறை தள்ளிப் போய்விட்டதால் உங்கள் கல்யாணத்துக்கு ஒரு பழுதும் இல்லையாம், பயப்படாதே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் புத்தாண்டுக் காலைதான் கண்முன்னே வந்தது. மூத்தவள் நீ, வழக்கப்படி நீதான் கேட்க வேண்டும், அடுப்பங்கரையில் மண்டியிட்டு, "அப்பா, எங்கள ஆசீர்வாதம் பண்ணுங்க" என்றாய். பக்கத்தில் உன்னைக் கட்டப்போகிற தொனாவும் புதுக் கோட்டோடு மண்டியிட்டிருந்தான், தொப்பி கையில். வீடு நிறையச் சித்தப்பாமார், என் நாக்கு சும்மா இருக்குமா, "சான்சூசின்னா கவலையில்லாதவனாமே, கவலையே இல்லாதவனுக்கு ஆசி எதுக்கு, முதல்ல மனுஷப் பேரா ஒண்ணு தேடிக்கிட்டு வரச் சொல்லு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். தூக்கிய கையை இறக்கிவிட்டேன். அவன் எழுந்து உன் பாவாடையில் ஒட்டிய சாம்பலைக் குனிந்து தட்டிவிட்டான். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு மூன்று புத்தாண்டாக இந்த வீட்டில் யாரும் ஆசி கேட்கவில்லை. அம்மா ரொசேரைத் தள்ளிப் பார்த்தாள், "அது அக்கா கேக்க வேண்டியது" என்று தொழுவத்துக்குப் போய்விட்டான். பிள்ளைகள் கேட்காமல் அப்பன் கொடுக்கிற வழக்கம் கிடையாது என்று நானும் வீம்பாக இருந்தேன். உன் கல்யாணமும் என் கை படாமலே முடிந்தது, அதை இனி எதைக் கொண்டும் சரிக்கட்ட முடியாது.

இந்த வருஷம் கேட்காமலே தருகிறேன். ஒன்றாம் தேதி காலைப் பூசை முடிந்து வந்ததும் அதே அடுப்பங்கரையில் நின்று, மேற்கே பார்த்துக் கையைத் தூக்குவேன். ரொசேர் சிரிப்பான், சிரிக்கட்டும். நீங்கள் மண்டியிட வேண்டாம், காப்பி குடித்துக்கொண்டிருந்தாலும் போதும். பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே இருவரையும் ஆசீர்வதிக்கிறேன், அவனை முதலில். அம்மா பின்னிய கையுறை பார்சலில் வருகிறது, கட்டைவிரல் பெரிதாக இருந்தால் அவளிடம் மூச்சு விடாதே. பதில் எழுதினால் ஒருமுறையாவது என் பேருக்கு எழுது.

இப்படிக்கு உன் அப்பா,
ஓவிலா மார்சொலே என்கிற சான்சூசி