நாலாம் மாத ஊசி

நெடுந்தீவு மேற்கு,
12.07.2024

அன்பின் நிலாந்தினிக்கு,

நீரும் சின்னவளும் சுகமாக இருக்க அம்மாளை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போன் எடுத்தால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர். அதில் பிழை சொல்ல மாட்டேன். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது, கிழித்தால்தான் உண்டு. கிழிக்க முதல் ஒருதரம் வாசியும்.

கறுப்பி கன்று போட்டுவிட்டாள், நாகு, பெட்டைக் கன்று. பால் நிறையக் கறக்கிறாள், குடிக்கத்தான் வீட்டில் ஆளில்லை. சோளகக் காற்று உரமாக அடிக்கிறது. இரண்டு நாளாகப் படகு ஓடவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் மாத ஊசி போட்ட மறுநாள் சின்னவளின் தொடை சிவந்து வீங்கியதைக் கண்டு, "வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லக் கொண்டுபோய்க் குத்துவிச்சீங்கள், இனி ஒரு ஊசியும் வேண்டாம்" என்று அழுதபடி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மண்டைதீவுக்கு, உம்முடைய அம்மாவிடம் போனீர். ஏழு கிழமை ஆகிறது.

நீர் போன பிறகு நான் மருத்துவமாது ஜசிந்தா மிஸ்ஸியிடம் போய், மருந்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். மருந்தோடு துளி அலுமினிய உப்பும் சேர்த்திருக்கிறதாம். அது உடம்பைத் தட்டி எழுப்புமாம். உடம்பு அந்த இடத்துக்கு ஓடிவந்து மருந்தை நன்றாக அடையாளம் பார்த்து வைக்கும்போதுதான் சூடும் வீக்கமும் வருகிறதாம். சில பிள்ளைகளுக்குப் பட்டாணியளவு கட்டி சில கிழமை நின்று, தானாகக் கரையுமாம். வீக்கமே வராத பிள்ளைக்கும் ஊசி வேலை செய்யுமாம்.

பிறகு அவர், "கட்டியில என்னவும் செய்தனீரோ தம்பி?" என்று கேட்டார். அங்கேதான் அகப்பட்டேன்.

நிலா, அன்று நீர் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்ற நேரம், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து, அந்தப் பிஞ்சுத் தொடையில் சூடாக வைத்து உருட்டித் தேய்த்தது நான். ஊசி போட்டுக் கறுப்பியின் கழுத்து வீங்கியபோதும் அப்படித்தான் செய்தேன். அவள் வாலை ஆட்டிக்கொண்டு நின்றாள். மாட்டுத் தோலுக்கும் பிள்ளையின் தோலுக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவனைக் கட்டியிருக்கிறீர். நீர் ஊசியைத் திட்டியபோது நான் வாய் திறக்கவில்லை. வீக்கம் ஊசியால் வந்தது, அவ்வளவு சிவப்பு என் கையால் வந்தது. மிஸ்ஸி, "ஊசி உமக்கல்லோ போட்டிருக்கோணும்" என்றார். இப்போது கட்டி கரைந்துவிட்டதா? எனக்குத் தெரியாது. அதுதான் என்னைத் தின்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் பிள்ளையின் கிளினிக் கொப்பியை இங்கேயே விட்டுவிட்டீர். என் அக்கா, "கொப்பியைக் குடுக்காதை, நாலாம் மாத ஊசிக்கு அது வேணும், தானா வருவாள்" என்றார். நானும் அதை அலுமாரியில் உடுப்புக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வரட்டும் என்றுதான். நேற்று எடுத்துத் திறந்தேன். மாதாமாதம் அவளின் நிறையைக் குறிக்கும் கோடு இரண்டாம் மாதத்தோடு நிற்கிறது. என் ஆசைக்காக அதை நிறுத்தி வைக்க எனக்கு வெட்கமாகிவிட்டது.

கொப்பி இதோடு வருகிறது. காற்றுத் தணிந்ததும் படகோட்டி பிலிப்பு அண்ணை மண்டைதீவில் உள்ள தன் மகள் வீட்டுக்குப் போகிறார், கையில் தருவார். 24ஆம் திகதி நாலு மாதம் முடிகிறது. இங்கே வர விருப்பமில்லாவிட்டால் அங்குள்ள கிளினிக்கிலேயே போடும். போட்ட இடத்தில் குளிர்தண்ணீரில் நனைத்த துணி போதும். தேய்க்க வேண்டாம். சிவப்புப் படர்ந்தாலோ காய்ச்சல் விடாவிட்டாலோ உடனே டொக்டரிடம் காட்டும்.

ஊசி ஏறும்போது அவளுக்குப் பிடிக்க ஒரு விரலைக் கொடும். போனமுறை என் பெருவிரலைப் பிடித்திருந்தாள், ஊசியை எடுத்த பிறகும் விடவில்லை.

நயினை அம்மாள் உங்கள் இருவருக்கும் துணை நிற்கட்டும்.

உம்முடைய
சுலக்சன்